செட்டிநாட்டில் 14-ஆம் நூற்றாண்டு: பாண்டியர், சுல்தான்கள், விசயநகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரக் கோயில்களைப் பார்க்க வருகிறவர்களும், வெளியூரில் வளர்ந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் பட்டத்துக்கு வந்த 1268 முதல், மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்கிய 1529 வரை உள்ள காலத்தைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். தேவைப்படும் இடத்தில் கொஞ்சம் முன்னும் பின்னும் போவேன். அரண்மனைப் புலவர்கள் எழுதியதைவிட, நம் கோயில் சுவர்களில் வெட்டி வைத்திருப்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அரசர்கள் அடுத்தடுத்து விழுந்த அந்த நூற்றாண்டில் ஊரும் கோயிலும் எப்படிப் பிழைத்தன என்பதை அந்தக் கற்கள்தான் நேராகச் சொல்கின்றன.

அந்தக் காலத்தில் ‘செட்டிநாடு’ என்று ஒன்று இருந்ததா?

அந்தப் பெயரில் இல்லை. பாண்டிய நாட்டின் வடக்கு ஓரம் இது. கல்வெட்டுகளில் கேரளசிங்க வளநாடு போன்ற பிரிவுகளுக்குள் இந்த ஊர்கள் வரும். இன்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போகும் பெரிய வீடுகளுக்கும் இந்தக் காலத்துக்கும் தொடர்பே கிடையாது. அவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலாயா வருமானத்தில் எழுந்தவை. பர்மா தேக்குத் தூணைப் பார்த்துவிட்டு ‘பாண்டியர் காலமா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இந்தப் பகுதிக்குக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தார்கள் என்பதும், சௌந்தர பாண்டியன் 707-இல் இளையாற்றங்குடியைக் கொடுத்தான் என்பதும் சமூக மரபு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களும் அந்த மரபின் அச்சாணி. அவற்றில் ஒன்றான சூரக்குடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் நம் கதையில் பெரிய வேலை செய்கிறது.

இந்த நிலம் இருக்கும் இடத்தையும் பாருங்கள். வடக்கே காவிரிக் கரை, தெற்கே மதுரை, கிழக்கே தொண்டிக் கடற்கரை. மூன்றுக்கும் நடுவில் வானம் பார்த்த பூமியும் கண்மாய்களும் குன்றுகளும். சோழ நாட்டிலிருந்து மதுரைக்குப் போகிற எந்தப் படைக்கும் இது வழியில்தான் கிடந்தது.

டெல்லிப் படை வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் அமைதியாக இருந்ததா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியப் பட்டத்துக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் சண்டை போட்டபோது, இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் படை தண்டநாயகன் இலங்காபுரன் தலைமையில் இங்கே இறங்கியது. எதிர்ப்பக்கம் சோழர் படை. தொண்டியிலும் பாசியிலும் போர் நடந்தது. பொன்னமராவதியில் இருந்த மூன்று நிலை அரண்மனையை இலங்கைப் படை எரித்ததாக மகாவம்சம் சொல்கிறது. இராமேசுவரம் கோயிலில் வழிபாடு தடைபட்டதையும் பொருள்கள் கொள்ளை போனதையும் காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டு வேதனையோடு குறிப்பிடுகிறது.

அப்புறம் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன். 1216-இல் பட்டத்துக்கு வந்த இவன் சோழ நாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். பட்டினப்பாலை பாடிய புலவருக்குக் கரிகாலன் கொடுத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு பாடுகிறது. தோற்ற மூன்றாம் குலோத்துங்கச் சோழன் தன் மகனோடு வந்து நின்று நாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது நம் பொன்னமராவதியில். சோழப் பேரரசின் மானம் போன இடம் இது என்று ஊரில் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.

ஆக, கோயில் கொள்ளையும் அரண்மனை எரிப்பும் டெல்லிப் படை வந்த 1311-இல் புதிதாக வந்தவை அல்ல. வந்த படையும் மொழியும் மதமும் புதியவை. கொள்ளையின் அளவும் மக்கள் அதுவரை கண்டிராதது.

அவ்வளவு பெரிய பாண்டியப் பேரரசு ஏன் சட்டென்று சரிந்தது?

வீட்டுச் சண்டை. மாறவர்மன் குலசேகரன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்டான். மார்க்கோ போலோ காயலின் செல்வத்தையும் முத்துக்குளிப்பையும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய குதிரைகளையும் வியந்து எழுதியது இவன் காலத்தில்தான். இவனுக்கு இரண்டு பிள்ளைகள்: சுந்தர பாண்டியன், வீர பாண்டியன். அப்பா வீரனுக்கு முன்னுரிமை கொடுத்தார் என்று ஆத்திரப்பட்டுச் சுந்தரன் 1310-இல் தந்தையையே கொன்றான் என்று வசாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அண்ணன் தம்பி சண்டையில் நாடு இரண்டாகக் கிடந்தபோதுதான் வடக்கே இருந்து படை வந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களின் வரிசையைக் கேட்டாலே அந்தக் காலத்துக் குடியானவனின் நிலைமை புரியும். 1311-இல் மாலிக் காபூர். அவர் திரும்பிய கையோடு வேணாட்டு அரசன் ரவிவர்மன் குலசேகரன் தெற்கிலிருந்து புறப்பட்டுக் காஞ்சி வரை போய் வேகவதிக் கரையில் முடிசூடிக்கொண்டான். பிறகு வாரங்கல் காகதீயர் படை வந்து காஞ்சியைப் பிடித்தது. 1318 வாக்கில் குஸ்ரு கான். 1323-இல் உலூக் கான், பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று பட்டம் ஏறியவர். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இத்தனை படைகள். ஒவ்வொன்றுக்கும் நெல் வேண்டும், மாடு வேண்டும், சுமக்க ஆள் வேண்டும்.

மாலிக் காபூர் என்ன செய்தார்?

அலாவுதீன் கில்ஜியின் தளபதி அவர். ஹொய்சள நாட்டை அடக்கிவிட்டுத் தமிழ்நாட்டுக்குள் வந்தார். வீர பாண்டியனைத் துரத்திக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார், கடைசி வரை பிடிக்க முடியவில்லை. 1311 ஏப்ரலில் மதுரைக்குள் நுழைந்தபோது ஊர் காலியாகக் கிடந்தது, கோயிலில் இரண்டு மூன்று யானைகள்தான் இருந்தன, கோபத்தில் கோயிலுக்குத் தீ வைத்தார் என்று அமீர் குஸ்ரு எழுதுகிறார். டெல்லிக்குப் போன கொள்ளையில் 512 யானைகளும் 5,000 குதிரைகளும் இருந்ததாக அதே குஸ்ரு கணக்குச் சொல்கிறார். பிறகு எழுதிய டெல்லி வரலாற்றாசிரியர் பரணி இந்தக் கணக்கைக் கூட்டிச் சொல்கிறார். குஸ்ரு அரசவைக் கவிஞர், எசமானரின் வெற்றியைப் பாடுகிறவர். யானைக் கணக்கை நம்பலாம், வருணனைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிக்க வேண்டும்.

காபூர் கொள்ளைக்காக வந்தார், எடுத்துக்கொண்டு போனார், ஆள உட்காரவில்லை. நம் ஊர்களுக்கு நீண்ட துன்பம் வந்தது 1323-க்குப் பிறகு, படை இங்கேயே தங்க ஆரம்பித்தபோதுதான்.

மதுரை சுல்தான்கள் என்கிறார்களே, அவர்கள் யார்?

1323-க்குப் பிறகு பாண்டிய நாடு டெல்லியின் ஒரு மாகாணம் ஆனது. பெயர் மாபார். 1335 வாக்கில் அதன் ஆளுநர் ஜலாலுதீன் அசன், டெல்லியோடு உறவை முறித்துக்கொண்டு தானே சுல்தான் என்று அறிவித்துத் தன் பெயரில் காசு அடித்தார். அவரையும் கொன்றார்கள், அடுத்து வந்தவரையும் கொன்றார்கள். அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர்களில் இயற்கையாகச் செத்தவர்கள் குறைவு.

இவர்களில் கியாசுதீன் தம்கானியைப் பற்றி நமக்கு நேரடிச் சாட்சி இருக்கிறது. மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, ஜலாலுதீன் அசனின் மருமகன். கியாசுதீனின் மனைவியும் அசனின் இன்னொரு மகள்தான். அப்படிச் சம்பந்தி வீட்டு விருந்தாளியாக வந்தவர், கண்ணால் கண்டதை எழுதினார். பிடிபட்ட குடிமக்களைப் பெண்டு பிள்ளைகளோடு கழுவேற்றிய கொடுமையைச் சொல்லி, வேறு எந்த அரசனும் இப்படிச் செய்து தான் பார்த்ததில்லை என்றும், அதனால்தான் கடவுள் அவர் சாவைச் சீக்கிரம் கொண்டுவந்தார் என்றும் எழுதினார். மதுரையில் பரவிய கொள்ளைநோயையும் அவர் பார்த்தார். நோய் கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் செத்தார்கள். சுல்தானின் மகன், தாய், பிறகு சுல்தான் என்று அந்தக் குடும்பமே போனது.

1342-இல் ஹொய்சள அரசன் மூன்றாம் வீர வல்லாளன், எண்பது வயதில், திருச்சி பக்கத்துக் கண்ணனூரை முற்றுகையிட்டுக் கிட்டத்தட்ட வென்றுவிட்ட நிலையில் திடீர்த் தாக்குதலில் பிடிபட்டான். அவனைக் கொன்று தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். இபின் பதூதா அதையும் பார்த்திருக்கிறார்.

நம் வட்டாரத்தில் அந்த ஆட்சி எட்டியிருந்ததற்கு அடையாளமும் உண்டு. ராங்கியம், பனையூர் பக்கத்துக் கல்வெட்டுகள் சுல்தானைச் ‘சுரத்தான்’ என்று குறிப்பிட்டு, மற்ற அரசர்களைச் சொல்வது போலவே அவர் பெயரையும் சொல்லித் தொடங்குகின்றன. ஊர்ச்சபைக்குக் காரியம் நடக்க வேண்டும், யார் ஆள்கிறார்களோ அவர் பெயரைப் போட்டுக் காரியத்தைப் பார்த்தார்கள்.

திருப்பத்தூர்க் கோயிலில் படை தங்கியது உண்மையா?

உண்மை. அதைச் சொல்வது எதிரி அரசனின் புலவர் அல்ல, அந்த ஊராரே. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட நம் திருப்பத்தூர்தான் அது, வடக்கே உள்ள திருப்பத்தூர் அல்ல. வீரபாண்டியன் ஆட்சியாண்டு போட்ட அந்தக் கல்வெட்டில் இருக்கும் செய்தி இது: துலுக்கர் வந்து கோயிலில் பாளையம் இறங்கியிருந்தார்கள், கோயில் பாழானது, ஊரார் திகைத்து நின்றார்கள். அப்போது சூரைக்குடி விசயாலய தேவர் என்பவர் மக்களைக் காப்பாற்றினார், கோயிலைத் திரும்பச் சுத்தி செய்து வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். அதற்குப் பதிலாக ஊரார் தங்கள் விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு கொடுப்பதாக ஒப்புக்கொண்டு கல்லில் வெட்டிக் கொடுத்தார்கள்.

சூரைக்குடி என்பது இன்றைய சூரக்குடி. தேசிகநாதர் கோயில் இருக்கும் அதே ஊர். அங்கே இருந்த தலைவர்கள் விசயாலய தேவர் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் இந்தப் பெயர் அடிக்கடி வரும்.

எனக்கு இந்தக் கல்வெட்டு மிகவும் முக்கியம். மீட்க வந்தது மதுரைப் பாண்டியன் இல்லை. ஆட்சியாண்டில் மட்டும்தான் பாண்டியன் இருக்கிறான். களத்தில் நின்றது பக்கத்து ஊர்த் தலைவர். கோயில் பாழானதற்கு வருத்தம் இருக்கிறது, மீட்டவருக்கு நன்றி இருக்கிறது, அந்த நன்றிக்கு நெல்லில் ஒரு கணக்கும் இருக்கிறது. பஞ்சத்திலும் பயத்திலும் இருந்த ஊர், தன்னைக் காப்பாற்றியவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

‘பாடிகாவல்’ என்பது என்ன? அதற்கும் இந்தப் போர்களுக்கும் என்ன சம்பந்தம்?

ஊரைக் காவல் காக்கும் உரிமைதான் பாடிகாவல். சோழர் காலத்தில் அது அரசு வாங்கும் வரிகளில் ஒன்று. மத்திய அரசு பலவீனமான 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் கதை மாறுகிறது. திருமயம், பொன்னமராவதி, குடுமியான்மலை வட்டாரங்களில் ஊர்ச்சபைகள் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கும் (படைபலம் உள்ள தலைவர்கள்) உள்ளூர்த் தலைவர்களுக்கும் விற்கத் தொடங்கின. விற்றதற்கான காரணத்தையும் கல்லிலேயே சொல்கிறார்கள்: பஞ்சம், படைகளால் அழிவு, அரையர்களுக்குள் நடந்த சண்டையில் ஊர் நொடிந்தது, அரசனுக்குக் கட்ட வேண்டிய வரி பாக்கி. காவல்காரருக்கு நெல், கரும்பு, தென்னை என்று பயிர்வாரியாகப் பங்கு பேசி முடித்தார்கள். சில இடங்களில் கோயிலே ஊராரிடமிருந்து நிலத்தை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தது. இக்கட்டான நேரத்தில் கையில் ரொக்கம் இருந்த ஒரே இடம் கோயில்தான்.

இதன் இன்னொரு வடிவம் ‘ஆசிரியம்’. பலம் உள்ள ஒருவர், இந்த ஊருக்கு அல்லது இந்தக் கோயிலுக்கு நான் அடைக்கலம், இதற்குள் யாரும் தொல்லை செய்யக்கூடாது என்று கல் நட்டுக் கொடுப்பது. இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளில் இந்தக் கற்கள் நிறைய.

காவல் கிடைத்தது, விலையும் இருந்தது. காவல் காத்தவர்கள் நாளடைவில் ஆள்கிறவர்கள் ஆனார்கள். சூரைக்குடித் தலைவர்கள் நிலக்கொடை கொடுக்கிறார்கள், வரி தள்ளுபடி செய்கிறார்கள், சிற்றரசர்களாகவே நடக்கிறார்கள். பிற்காலப் பாளையக்காரர்கள், சேதுபதிகள், தொண்டைமான்கள் எல்லோருக்கும் பின்னால் இந்தக் காவல் வரலாறு இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாளையங்களைப் பிரித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அதற்குக் கீழே போட்ட மண், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே ஊரார் செய்த இந்த ஒப்பந்தங்கள்தான் என்பது என் கருத்து.

திருக்கோளக்குடிக் கல்வெட்டு ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

திருக்கோளக்குடி, நெற்குப்பைக்கும் பொன்னமராவதிக்கும் பக்கத்தில் உள்ள குன்றுக் கோயில். பாண்டியர் குடைந்த குகைக்கோயிலும் அதன் மேலும் கீழும் எழுந்த கட்டுமானங்களுமாக, பெரும் பாறை ஒன்று சாய்ந்து நிற்பதற்கு அடியில் இருக்கும். 1916-இல் தொல்லியல் துறை அங்கே படியெடுத்த ஒரு கல்வெட்டு, மாறவர்மன் வீரபாண்டியனின் 31-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கணக்கிட்டால் 1365-ஐ ஒட்டி வரும்.

அதன் சாரம்: காலம் துலுக்கர் காலமாக இருந்தது. கோயிலின் தேவதான நிலங்களுக்கும் குடிமை வரி போட்டார்கள். ஆனாலும் பூசையைக் குறைக்காமல் நடத்த வேண்டியிருந்தது. அதனால் கோயில் நிலத்து உழவை ஊர்க் குடிகள் முறை வைத்துச் செய்தார்கள். இந்த நிலையில் விசயநகர இளவரசர் கம்பண உடையார் வந்தார், துலுக்கரை அழித்தார், நாட்டில் ஒழுங்கை ஏற்படுத்தினார், எல்லாக் கோயில்களிலும் பூசை பழையபடி நடக்கிறதா என்று பார்க்க நாயக்கன்மார் (அதிகாரிகள்) பலரை ஏற்படுத்தினார்.

மதுரா விஜயத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. கம்பணரின் மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் பாடிய காவியம் அது. அழகானது. பாழடைந்த மதுரையைப் பற்றிய பகுதி நெஞ்சை அறுக்கும். ஆனால் காவியத்தில் வாளும் வீரமும்தான் இருக்கின்றன. திருக்கோளக்குடிக் கல்லில் வரி இருக்கிறது, உழவு இருக்கிறது. ஒரு குன்றுக் கோயிலின் விளக்கு அணையாமல் இருந்ததற்குக் காரணம், தன் வயலை உழுதுவிட்டு முறை வந்த நாளில் சாமி நிலத்தையும் உழப் போன குடிகள். அரசர் பெயர் பொறித்த வரிகளுக்கு நடுவில் அவர்கள் உழைப்பும் பதிவானது பெரிய பேறு.

இன்னொன்றும் கவனியுங்கள். மதுரையில் சுல்தான் இருந்தபோதும் இங்கே பாண்டியன் பெயரில் ஆட்சியாண்டு எண்ணினார்கள். பாண்டியர் மதுரையை இழந்தார்கள், நாட்டுப்புறத்தை முழுதாக இழக்கவில்லை. பின்னாளில் அந்தக் குலம் தெற்கே தென்காசிக்கு நகர்ந்தது, அங்கே இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பெயரளவிலாவது ஆண்டது.

குமார கம்பணர் யார்?

விசயநகர அரசர் முதலாம் புக்கரின் மகன். முதலில் படைவீட்டைச் சேர்ந்த சம்புவராயர்களை அடக்கினார், பிறகு மதுரைக்கு வந்தார். 1374-இல் இறந்தார். மதுரை சுல்தான்களின் கடைசிக் காசுகள் 1378 வாக்கு வரை கிடைப்பதால், ஒரே போரில் எல்லாம் முடிந்துவிடவில்லை, முடிவு படிப்படியாகத்தான் வந்தது என்று கொள்ள வேண்டும்.

ஸ்ரீரங்கம் பெருமாள் இந்தப் பக்கமாகத்தான் கொண்டுபோகப்பட்டாரா?

1323 படையெடுப்பின்போது நம்பெருமாள் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியரும் அடியார்களும் தெற்கே வந்தார்கள். முதிய வயதில் அந்த அலைச்சலைத் தாங்காமல் அவர் ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். மதுரை ஒத்தக்கடை பக்கத்துக் கொடிக்குளம்தான் அந்த ஊர் என்கிறார்கள். பெருமாள் அழகர்கோயில், கேரளம், மேல்கோட்டை, திருப்பதி என்று சுற்றி, செஞ்சியை ஆண்ட கோபண்ணாவின் முயற்சியால் 1371-இல் திருவரங்கம் திரும்பினார். நாற்பத்தெட்டு ஆண்டுகள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலும் ஏறத்தாழ அதே காலம் அடைத்துக் கிடந்ததாக மதுரை மரபு சொல்கிறது.

இராமானுசர் மந்திர உபதேசம் பெற்ற திருக்கோட்டியூர் நம் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்து வைணவ வீடுகளில் இந்தக் கதையை இன்றைக்கும் கண் கலங்கிச் சொல்கிற அப்பத்தாக்கள் உண்டு.

இந்தக் குழப்பத்தில் சைவம் என்ன ஆனது?

வளர்ந்தது. சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் ‘சங்கற்ப நிராகரணம்’ என்ற நூலை எழுதியது 1313-இல். காபூர் படை போய் இரண்டே ஆண்டு. சைவ சித்தாந்த நூல்களான மெய்கண்ட சாத்திரம் பதினான்கும் முழுமை பெற்றது இந்தத் தலைமுறையில்தான். கோயிலைச் சுற்றி இருந்த சமயம் மடங்களுக்குள்ளும் குரு சீடர் வரிசைக்குள்ளும் வேர்விட்டது இந்தக் காலம். 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் குன்றக்குடிக்கு வந்து திருப்புகழ் பாடுகிறார்.

சைவரும் வைணவரும் மோதிக்கொண்டதும் உண்டு. திருமயத்தில் ஒரே குன்றில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அருகருகே குடைவரைகள். வருமானத்தைப் பங்கிடுவதில் நீண்ட காலச் சண்டை. 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணா வந்து இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி வருமானத்தைப் பிரித்துக் கொடுத்தார், இரண்டு கோயிலுக்கும் இடையே மதில் எழுப்பச் சொன்னார். கன்னட தேசத்துத் தளபதி வந்து நம் ஊர்க் கோயில் வழக்கைத் தீர்த்திருக்கிறார்.

அப்படியானால் இதை இந்து முஸ்லிம் போர் என்று சொல்லலாமா?

அந்த ஒரு வரிக்குள் இது அடங்காது. கோயில்கள் பாழானது உண்மை, மக்கள் வதைபட்டது உண்மை, அதை மறைப்பது அந்தக் கல்வெட்டுகளை வெட்டி வைத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். அதே நேரம் வேறு உண்மைகளும் உண்டு. பாண்டியர் அவையில் தகியுதீன் என்ற அரபு வணிகக் குடும்பத்துக்காரர் அமைச்சராக இருந்தார், குதிரை இறக்குமதி அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. மாலிக் காபூர் வந்தபோது பாண்டியர் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்ததாக அமீர் குஸ்ருவே சொல்கிறார். வல்லாளன் படையில் சுமார் 20,000 முஸ்லிம்கள் இருந்ததாக இபின் பதூதா எழுதுகிறார். சுல்தானின் கொடுமையைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவரும் அதே இபின் பதூதா, ஒரு முஸ்லிம் காஜி (நீதிபதி).

கடற்கரையில் பல தலைமுறைகளாக வாழ்ந்து தமிழ் பேசி வணிகம் செய்த முஸ்லிம்களுக்கும், வடக்கே இருந்து வந்த துருக்கியப் படைக்கும் வித்தியாசம் இருக்கிறது. நம் ஊரிலேயே பார்க்கலாம். சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம்தான் பிரான்மலை. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர், மலை உச்சியில் ஷேக் அப்துல்லா அவுலியா தர்கா. ஒரே படிகளில் இரண்டு கூட்டமும் ஏறுகிறது.

வணிகர்கள் என்ன ஆனார்கள்?

13-ஆம் நூற்றாண்டின் பிரான்மலைக் கல்வெட்டு ஒன்றில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு, சரக்குக்குச் சரக்கு இவ்வளவு மகமை (வியாபாரத்தில் கோயிலுக்கு எடுத்து வைக்கும் பங்கு) என்று கோயிலுக்குக் கொடுக்க ஒப்புக்கொள்கிறது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, இரும்பு, பஞ்சு, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், கவரி மயிர், யானை, குதிரை என்று பட்டியல் நீள்கிறது. இமயத்துக் கவரியும் அரபுக் குதிரையும் வந்து போன சந்தை இது. நகரக் கோயிலான மாத்தூரில் சுவாமி பெயரே ஐந்நூற்றீசர்.

போர்க்காலத்துக்குப் பிறகு அந்தப் பழைய பெருங்குழுக்களின் பெயர் கல்வெட்டுகளில் அருகிவிடுகிறது. நகரத்தார் வணிகத்தைப் பற்றிய செப்பேடுகள் 17-ஆம் நூற்றாண்டில் பழனியை ஒட்டிக் கிடைக்கின்றன, உப்பு வியாபாரத்தையும் தண்டாயுதபாணிக்குக் கொடுத்த மகமையையும் பற்றி. சரக்குக்கு மகமை எடுத்து வைக்கும் பழக்கம் ஐந்நூற்றுவரிடம் இருந்தது போலவே இங்கும் இருப்பதைக் கவனிக்கலாம்.

விசயநகரத்துக்குப் பிறகு யார் ஆண்டார்கள்?

15-ஆம் நூற்றாண்டில் வாணாதிராயர்கள். ‘மதுராபுரி நாயகன்’ என்று பட்டம் போட்டுக்கொண்டவர்கள், அழகர்கோயிலுக்கு நிறையச் செய்தவர்கள். 1490-களில் நரச நாயக்கர் படையோடு வந்து தெற்கைத் திரும்ப விசயநகரத்தின் கீழ் கொண்டுவந்தார். 1529-இல் விசுவநாத நாயக்கர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள், 18-ஆம் நூற்றாண்டில் சிவகங்கைச் சீமை.

கிறித்தவம் எப்போது வந்தது?

கடற்கரையில் 1530-களில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியர் பாதுகாப்பைத் தேடி மதம் மாறியபோது. மதுரையில் 1606-இல் தத்துவ போதகர் என்கிற ராபர்ட் தெ நோபிலியோடு. தேவகோட்டைக்குக் கிழக்கே உள்ள ஓரியூரில் அருளானந்தர் என்கிற ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று கிழவன் சேதுபதியின் ஆணைப்படி தலை வெட்டப்பட்டார். இது நம் காலத்துக்குப் பிந்தையது, தனியாகவே எழுத வேண்டியது.

இதையெல்லாம் நேரில் பார்க்க எங்கே போவது?

காரைக்குடியிலிருந்து புறப்பட்டால் சூரக்குடி முதலில். பிறகு குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் ஒரே பாதை. அங்கிருந்து திருக்கோட்டியூர். பிரான்மலையும் திருக்கோளக்குடியும் பொன்னமராவதியும் இன்னொரு நாளுக்கு. திருமயம் புதுக்கோட்டைச் சாலையில். திருமயத்தில் பெரும்பாலோர் கோட்டையில் ஏறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது 17-ஆம் நூற்றாண்டுச் சேதுபதி கட்டியது. கீழே இரண்டு கோயில்களுக்கும் நடுவில் நிற்கும் சுவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். திருக்கோளக்குடிக்குக் காலையிலேயே போங்கள், சாய்ந்த வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும்.

எழுத்து வாசிக்கத் தெரியாது, நாங்கள் என்ன செய்ய முடியும்?

தொடாதீர்கள், சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்காதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்தாலே போதும். அதைவிட முக்கியமான வேலை, திருப்பணி நடக்கும்போது. நம் முன்னோர்கள் பக்தியோடு பழைய கோயில்களைப் பிரித்துப் புதுக் கல்லில் கட்டியபோது பல கல்வெட்டுகள் போயே போய்விட்டன. இப்போது மணல் வீச்சு வைத்துச் சுவரைச் சுத்தம் செய்கிறார்கள், எழுத்து மழுங்கிவிடுகிறது. தரை உயர்த்தும்போது அதிட்டானத்து (கோயில் அடித்தளம்) எழுத்துகள் சிமெண்டுக்குள் புதைகின்றன. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிக் கூட்டம் நடந்தால் வரி கொடுக்கிற புள்ளியாக (குடும்பமாக)ப் போய் மூன்றைக் கேளுங்கள்: வேலை தொடங்கும் முன் எல்லாக் கல்வெட்டுகளையும் தொல்லியல் துறையிடம் சொல்லிப் படியெடுத்தாயிற்றா, எழுத்து உள்ள கல்லை இடம் மாற்றினால் எங்கே வைக்கப் போகிறீர்கள், மணல் வீச்சு இல்லாமல் தண்ணீரும் நார்த் தூரிகையும் வைத்துச் சுத்தம் செய்ய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.